ஆளைப் பார்க்கப் போவது: கத்தோலிக்க விசுவாசமும் அன்புப் பணியும், புதியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, மதியம் நோயாளரைப் பார்க்க விடும் நேரம் வந்ததும் எங்கள் பங்கிலிருந்து, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்திலிருந்து, மூன்று நாலு பேர் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போவோம். பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வாழைப்பழச் சீப்பு ஒன்று, தலை வாருகிற சீப்பு ஒன்று, வெந்நீர் ஃபிளாஸ்க், நகவெட்டி. வாட்டுக்குள் போனதும் யாரும் வராத கட்டில் எது என்று பார்ப்போம். மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தக்காரர் கூடி நிற்க, ஒருவர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அங்கே போய் உட்காருவோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் கோணேசர் கோயிலுக்கு வெள்ளி தவறாதவர், ஓய்வுபெற்ற கிளார்க். ஒருநாள் வேலியடியில் நின்று கேட்டார்: “டீச்சர், இது புண்ணியத்துக்குத்தானே செய்யிறீங்க?”

நான் பல வருடமாக ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். அப்படியிருந்தும் பதில் சட்டென்று வரவில்லை. ஓம் என்றால் பிழை. இல்லை என்றால், பிறகு எதற்கு என்று விளக்க வேண்டும். அன்றைக்கு வேலியடியில் சொல்லி முடியாத விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணனைப் போல வெளியிலிருந்து கேட்பவர்களுக்கும், கத்தோலிக்க வீட்டில் பிறந்தும் இதைப் பற்றி ஒருநாளும் நின்று யோசிக்காதவர்களுக்கும் சேர்த்து.

முதலில் ஒரு சொல். திருகோணமலையில் ‘எகெட்’ என்றால் பலருக்குத் தெரியும். மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பு அது. சுனாமி நிவாரண வேலைகளில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதோடு ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு பெயர் ‘கரித்தாஸ்’. நிவாரணம், உதவி, தர்மம் என்று ஏதோ ஒன்று அதற்குப் பொருள் என்றுதான் நானும் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது லத்தீன் சொல், பொருள், அன்பு. ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’ என்று யோவானின் முதல் கடிதம் சொல்கிற இடத்தில் லத்தீன் விவிலியத்தில் இருப்பதும் இதே சொல்தான். கடவுள் யார் என்று சொல்லப் பயன்பட்ட அதே சொல்லை வீடு கட்டிக்கொடுக்கிற ஓர் அமைப்புக்கும் வைத்திருக்கிறார்கள். தற்செயலாக வைத்த பெயராக எனக்குத் தெரியவில்லை.

பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் திருச்சபை முழுவதற்கும் எழுதிய தன்னுடைய முதல் கடிதத்துக்கு, அதாவது சுற்றுமடலுக்கு, இந்த வரியையே தலைப்பாக வைத்தார். அதில் அவர் கையெழுத்திட்ட நாள் 2005 டிசம்பர் 25. திருச்சபைக்கு மூன்று வேலை என்கிறார் அதில்: இறைவார்த்தையை அறிவிப்பது, ஞானஸ்நானம், பூசை போன்ற திருவருட்சாதனங்களைக் கொண்டாடுவது, அன்புப் பணி செய்வது. மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது என்பது அவர் வாதம். நான் பிள்ளைகளுக்கு அடுப்புக் கல்லைக் காட்டிச் சொல்வேன். மூன்று கல்லில் ஒன்றை உருவினால் பானை சாயும். பிரசங்கம் உண்டு, பூசை உண்டு, பசித்தவனைப் பார்க்க மட்டும் ஆளில்லை என்றால் அந்தக் கோயிலின் பானை சாய்ந்துதான் நிற்கிறது.

சரி, அன்புப் பணியை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள்? அதற்கு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். உலக முடிவில் அரசர் அரியணையில் அமர்ந்து, இடையன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பது போல மக்களைப் பிரிக்கிறார். ஒரு பக்கத்தாரைப் பார்த்து, பசியாயிருந்தேன், உணவு கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன், ஆடையில்லாமல் இருந்தேன், நோயாயிருந்தேன், சிறையிலிருந்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆண்டவரே, உம்மை எப்போது அப்படிக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அதற்கு அவர் பதில்: ‘மிகச் சிறியோராகிய என் சகோதரர் சகோதரிகளுள் ஒருவருக்கு நீங்கள் செய்ததையெல்லாம் எனக்கே செய்தீர்கள்.’

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுகிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, நல்லது செய்தவர்களும் திகைத்துத்தான் நிற்கிறார்கள். எத்தனை பேருக்குச் சோறு போட்டோம் என்று அவர்கள் கணக்கு எழுதி வைத்திருக்கவில்லை. செய்தது அவருக்கு என்றே தெரியாது. பசித்தவர் முன்னால் இருந்தார், கொடுத்தார்கள், அவ்வளவுதான். அண்ணனின் கேள்விக்கு அரைப் பதில் இதில் இருக்கிறது. புண்ணியக் கணக்கு வைத்திருந்தவர்களாக இருந்தால் ‘எப்போது?’ என்று கேட்டிருக்கவே மாட்டார்கள், கொப்பியைத் திறந்து திகதி சொல்லியிருப்பார்கள்.

மற்றது அந்தப் பட்டியலில் இருக்கிறது. நோயாயிருந்தேன், என்னைக் குணமாக்கினீர்கள் என்று அரசர் சொல்லவில்லை, கவனித்துக்கொண்டீர்கள் என்கிறார். சிறையிலிருந்தேன், விடுவித்தீர்கள் என்றும் இல்லை. தேடி வந்தீர்கள் என்கிறார். டொக்டரால் முடிவதும் சட்டத்தரணியால் முடிவதும் நம்மால் முடியாது. போய்ப் பார்க்க யாராலும் முடியும். எங்கள் ஊரில் ‘ஆளைப் பார்க்கப் போறன்’ என்போமே, அதில் எவ்வளவு இருக்கிறது என்று இந்த அதிகாரத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கல்கத்தாவில் 1950இல் அன்பின் பணியாளர் சபையைத் தொடங்கிய அன்னை தெரேசா, இந்த வசனத்தின் கடைசிச் சொற்களை ஆங்கிலத்தில் விரலுக்கு ஒன்றாக ஐந்து விரலில் எண்ணிக் காட்டுவார். தமிழில் இரண்டு சொல்லிலேயே முடிந்துவிடும்: எனக்கே செய்தீர்கள். அந்த ஏகாரம் ஆங்கிலத்துக்கு வாய்க்காதது.

இதிலிருந்துதான் ‘இரக்கச் செயல்கள்’ என்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்ய வைக்கிற பட்டியல் வந்தது. உடல் சார்ந்தவை ஏழு. பசித்தவருக்கு உணவு, தாகமானவருக்குத் தண்ணீர், ஆடையற்றவருக்கு ஆடை, வீடற்றவருக்கு இடம், நோயாளரைச் சந்திப்பது, சிறையிலிருப்போரைச் சந்திப்பது, இறந்தோரை அடக்குவது. ஆறுதான் மத்தேயுவில் இருக்கின்றன. ஏழாவது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருக்கும், அது எனக்குப் பிடித்த பிள்ளை. அது தோபித்து என்ற நூலிலிருந்து வந்தது. கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, புரட்டஸ்தாந்து விவிலியத்தில் இல்லை. நாடுகடத்தப்பட்டு நினிவேயில் வாழ்ந்த தோபித்து, கொல்லப்பட்டுக் கிடந்த தன் இனத்தாரின் உடல்களை அரசனுக்குத் தெரியாமல் எடுத்துப் புதைக்கிறார். அதற்காகச் சொத்தை இழக்கிறார், ஓடி ஒளிகிறார். திரும்பி வந்து, ஒரு பெருநாளில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இன்னொரு உடல் தெருவில் கிடக்கிறது என்று சேதி வர, சோற்றைத் தொடாமல் எழுந்து போகிறார்.

கிழக்கில் பிறந்தவர்களுக்கு இந்த நூலை விளக்கத் தேவையில்லை. யார் எவர் என்று தெரியாத உடல்களை எடுத்து அடக்கிய கைகள் எல்லாச் சமயத்திலும் இங்கே உண்டு. சாதாரண நாளிலும் பாருங்கள். ஒரு செத்த வீடு என்றால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும், எதிர் வீட்டிலிருந்து சோறு வரும், பெடியள் பந்தலுக்குக் கம்பு நடுவார்கள், சேமக்காலை மட்டும் கூட நடப்பார்கள். இதைச் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு இரக்கச் செயல் என்ற பெயரே தெரியாது.

ஆன்மா சார்ந்தவை என்று இன்னொரு ஏழு இருக்கின்றன: ஐயமுற்றவருக்கு ஆலோசனை, அறியாதவருக்குக் கற்பித்தல், பாவத்தில் இருப்பவரைத் திருத்துதல், துயருற்றவருக்கு ஆறுதல், மன்னித்தல், தொல்லை தருகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளுதல், வாழ்வோருக்கும் இறந்தோருக்குமாகச் செபித்தல். இவற்றில் ஆறாவது எவ்வளவு பாரமானது என்பது பங்குச் சபைக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு விளங்கும். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ், நம் பொது வீடான பூமியைக் கவனிப்பதையும் இந்தப் பட்டியல்களோடு சேர்க்கலாம் என்றார்.

இனிப் பூசைக்கு வருவோம். ஏனென்றால் புதியவர்கள் அடிக்கடி இப்படிக் கேட்பார்கள்: கோயிலுக்குள் நடப்பது வழிபாடு, வெளியில் நடப்பது சமூக சேவை, இரண்டும் வேறுதானே?

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழன் இரவுப் பூசைக்கு ஒருமுறை வந்து பார்த்தால் பதில் கண்ணுக்கு முன்னால் நடக்கும். பிரசங்கம் முடிந்ததும் சுவாமி, அதாவது குரு, மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துவாய் கட்டி, முழந்தாளிட்டுப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அது முடிந்துதான் பலிபீடத்துக்குப் போவார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இயேசுவின் கடைசி இராவுணவில் அப்பத்தையும் இரசத்தையும் எழுதுகிறார்கள். யோவான் அதே இரவைப் பற்றி ஐந்து அதிகாரம் எழுதுகிறார். அதில் அப்பமும் இரசமும் அளித்த காட்சி இல்லை. அந்த இடத்தில் கால் கழுவுகிற காட்சி இருக்கிறது. ‘இதை என் நினைவாகச் செய்யுங்கள்’ என்று ஓரிடத்தில். ‘நான் செய்தது போல நீங்களும் செய்யுங்கள்’ என்று மற்ற இடத்தில். திருச்சபை இரண்டையும் ஒரே இரவில், ஒரே பூசையில் வைத்திருக்கிறது. பூசையில் பகிரும் அந்த அப்பமான நற்கருணையும் துவாயும் ஒரே மேசையைச் சேர்ந்தவை.

அன்றைய நாளில் கால் கழுவுவது அடிமையின் வேலை. செருப்பில்லாமலோ திறந்த செருப்போடோ புழுதியில் நடந்து வந்த கால்கள் அவை. ஆகவேதான் பேதுரு காலை இழுத்துக்கொள்கிறார். உதவி செய்வதை விட உதவியை ஏற்பது கடினம் என்பதையும் அந்தக் காட்சி சொல்கிறது என்று எனக்குப் படும். 2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் இந்தச் சடங்கை உரோமையில் இளம் குற்றவாளிகள் இருந்த சிறையொன்றில் செய்தார். கால் கழுவப்பட்டவர்களில் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அதுவரை ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த விதி 2016இல் மாற்றப்பட்டது.

ஆதித் திருச்சபையிலும் இந்த இணைப்பு இறுக்கமாகவே இருந்தது. கொரிந்து நகரில் ஆண்டவருடைய விருந்துக்குக் கூடியபோது வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்திருக்கிறார்கள். பவுல் அதைக் கேள்விப்பட்டு, நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று எழுதினார். சடங்கில் ஒரு குறையும் இல்லை, பந்தியில் ஒருவர் பசித்திருந்ததுதான் குறை. 155ஆம் ஆண்டளவில் உரோமையில் எழுதிய யுஸ்தீன் என்ற மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்), ஞாயிறு வழிபாட்டை விவரித்துவிட்டு, அங்கே சேரும் காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளருக்கும் கைதிகளுக்கும் வழிப்போக்கருக்கும் போகிறது என்கிறார். பூசையில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது பத்து ரூபாய்த் தாளைத் தேடுகிற நமக்கு, அந்தப் பையின் பழைய முகவரி அது.

இன்னொரு செய்தி, எங்கள் ஊருக்கு நெருக்கமானது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் எருசலேமில் ஒரு சண்டை வருகிறது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுகிற கைம்பெண்களைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று முறைப்பாடு. நிவாரணப் பட்டியலில் எங்கள் ஆட்களின் பெயர் இல்லை என்ற சண்டை, இரண்டாயிரம் வருடப் பழசு! அதைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பெயர் ஸ்தேவான். பிறகு கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சியும் அவர்தான். அவருடைய திருநாள் டிசம்பர் 26.

2004இல் அந்தத் திகதி ஞாயிற்றுக்கிழமை. ஆகவே பூசைப் புத்தகத்தின்படி அன்று ஸ்தேவானுக்குப் பதிலாகத் திருக்குடும்ப விழா; போயா நாளும் கூட. நத்தாருக்கு அடுத்த காலை. கடல் வந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரை முழுக்க. அடுத்த சில நாட்களில் கோயில், பள்ளிவாசல், பன்சல, தேவாலயம், பள்ளிக்கூடம் என்று கூரையிருந்த இடமெல்லாம் சனம். யார் என்ன மதம் என்று சமையல் கிடாரத்தடியில் யாரும் கேட்கவில்லை. பந்தியைக் கவனிக்கவென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் நாளில் அப்படி நடந்ததை நான் ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வேன்.

இலங்கையில் இந்தப் பாதையை நடந்து காட்டியவர் என்றால் யோசேப் வாஸ் அடிகளார். கோவாவைச் சேர்ந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். கண்டிக்குப் போனதும் ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பெரியவர்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். சொந்தக்காரரே நோயாளரைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளாரும் உடனிருந்த குருவும் போகவில்லை. விடப்பட்டவர்களைத் தேடிக் கொண்டுவந்து, வெறுமையாகக் கிடந்த வீடுகளில் கிடத்தி, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளரில் பெரும்பாலானோர் பௌத்தர்கள். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். மேலே சொன்ன ஏழு செயல்களில் எத்தனையை அவர் அந்த ஒரு நோய்க்காலத்தில் செய்தார் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். விரல் போதாமல் போகாது, ஆனால் கிட்ட வரும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் இந்தக் கதைகளில் பாதியைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இது திருமூலர் சொன்னதுதானே டீச்சர். நடமாடும் கோயில்.” அவர் சொன்னது சரி. படமாடும் கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலான மனிதர்களுக்குப் போய்ச் சேராது. மனிதர்களுக்குக் கொடுப்பது இறைவனுக்கும் போய்ச் சேரும் என்பது திருமூலர் வாக்கு. நான்காம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம் என்ற ஆயரும் கிட்டத்தட்ட இதையே பிரசங்கித்தார்: கோயிலுக்குள் கிறிஸ்துவுக்குப் பட்டுச் சாத்திவிட்டு, வெளியில் குளிரில் நடுங்குகிற அதே கிறிஸ்துவைத் தாண்டிப் போகாதே என்று. எங்கள் திருநாட்களில் சோடனைக்கும் வெடிக்கும் போகிற காசைப் பார்க்கும்போது அந்த ஆயரை ஒரு நாளைக்கு ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினால் நல்லது என்று தோன்றும். திருநாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடியேற்றம் இல்லாத வருடம் எனக்கும் வருடமாகத் தெரியாது.

வேறுபாடு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைச் சொல்வேன். கத்தோலிக்கருக்கு இது ஓர் உவமை மட்டும் இல்லை. கடவுள் ஒருமுறை உண்மையாகவே மனித உடல் எடுத்தார், பசித்தார், தாகம் எடுத்தார், கைதியாக நின்றார் என்று விசுவசிக்கிறோம். அதனால் பசித்த உடல் எங்களுக்குச் சாதாரண உடலாக இல்லை.

புண்ணியக் கேள்வியின் மற்றப் பாதி இன்னும் இருக்கிறது. நன்மை செய்து மோட்சம் வாங்கலாமா? வாங்க முடியாது. முதலில் வருவது கடவுளின் அருள், அது இலவசம், நம் செயல் அதற்குப் பதிலாக வருவது. ‘விசுவாசமா கிரியையா’ என்று எங்கள் மெதடிஸ்த உறவினரோடு கலியாண வீடுகளில் நடக்கும் பழைய விவாதத்தில் இப்போது பாதிச் சூடு ஆறிவிட்டது. 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் திருச்சபையினரும் இதைப் பற்றிப் பொது உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். யாக்கோபின் கடிதம் சுருக்கமாக முடித்துவிடுகிறது: உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாதவரிடம் ‘நலமே போய் வாருங்கள், பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பயன்?

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு குழுவோடு உலர் உணவுப் பொதி கொடுக்கப் போயிருந்தேன். பதாகை கட்டியிருந்தோம். படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று யாரோ சொல்ல, ஃபோனைப் பிடித்தது நான்தான். வரிசையில் வந்த ஒரு முதியவர் பொதியை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஐயா, கொஞ்சம் இங்க பாருங்க” என்றேன். அவர் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டுப் படத்தை அழித்தேன். அழித்ததால் அவர் பட்ட கூச்சம் அழியுமா? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று ஒவ்வொரு தவக்காலத் தொடக்கத்திலும், விபூதிப் புதன் பூசையில் வாசிக்கிறோம். நானே எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன்.

பொதியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு மீனவக் குடும்பத்துக்கு மாதாமாதம் பொதி கொடுக்கிறோம் என்று வையுங்கள். மூன்றாம் மாதத்திலாவது கேட்க வேண்டும்: ஏன் இவர்களுக்கு இன்னும் பொதி தேவைப்படுகிறது? நுண்கடன் வட்டியா, வள்ளம் போனதா, சொந்தக் காணிக்குத் திரும்ப விடவில்லையா? 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஊர் திரும்பப் பத்து வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. அவர்களுக்கு அரிசி தேவைப்பட்டது, உண்மை. காணியும் தேவைப்பட்டது. இந்தக் கேள்வியைக் கேட்பதும் அன்புப் பணியின் உள்ளேதான் இருக்கிறது. 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலிருந்து இந்தப் பக்கம் திருச்சபை இதை விடாமல் பேசி வருகிறது. 1965இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் ஒரு வரி எழுதியது: நீதிப்படி ஏற்கெனவே கொடுக்க வேண்டியதை அன்புக் கொடை போலக் கொடுக்கக் கூடாது. கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்தேன் என்று சொல்லாதே என்பது அதன் நாட்டுவழக்கு.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குச் செலவும் இருந்திருக்கிறது. கிழக்கில் நீண்ட காலம் ஆசிரியராகவும் கூடைப்பந்துப் பயிற்றுநராகவும் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், போரில் அகப்பட்ட சனத்துக்காக ஓடித் திரிந்தவர். 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் தன் வாகன ஓட்டுநரோடு காணாமற்போனார். இருவரும் திரும்பவில்லை.

மதமாற்றம் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம், நாலு சமயமும் கலந்திருக்கும் ஊரில் அந்தச் சந்தேகம் நியாயமானது. அரிசியைக் காட்டி ஆளைச் சேர்க்கிற வேலையா இது? மேலே சொன்ன பெனடிக்டின் மடலிலேயே பதில் இருக்கிறது. அன்பு இலவசமானது, வேறொரு நோக்கத்தை அடைவதற்கான வழியாக அதைப் பயன்படுத்தக் கூடாது, மதம் மாற்றும் கருவியாகவும் கூடாது. கடவுளைப் பற்றி எப்போது பேசுவது, எப்போது பேசாமல் அன்பு மட்டும் செய்வது என்று கிறிஸ்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். வாட்டில் நாங்கள் கேட்டால் ஒழியச் செபம் சொல்வதில்லை. கந்தளாயிலிருந்து வந்திருந்த ஒரு சிங்கள ஆச்சிக்கு என் சிங்களம் விளங்கவில்லை, அவர் பேசியது எனக்கும் பாதிதான். அரை மணி நேரம் தலை வாரிப் பின்னிவிட்டேன். அவர் போகும்போது கையைப் பிடித்துச் சொன்ன ஒரு சொல் விளங்கியது: துவே. மகளே.

தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுப் பல்கலைக்கழக மாணவனும் நண்பர்களும் தர்க்கக் கூட்டம் நடத்தினார்கள். உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த் தரப்பில் கேட்டார்கள். தர்க்கத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று விளங்கி, ஏழைகளின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். சேரிகளை நன்றாகத் தெரிந்த ரோசலி ரெந்து என்ற சிஸ்டர் அவர்களுக்கு வழி காட்டினார். அதுதான் வின்சன்ட் டி போல் சபை. இன்று பங்குகளில் அந்தப் பெயரில் இருப்பவர்கள் செய்வதும் முக்கியமாக இதுதான்: இருவர் இருவராக வீடு தேடிப் போவது. தனியாகப் போனால் பேச்சு தடம் மாறும், கூட்டமாகப் போனால் அந்த வீட்டில் கதிரை காணாது. இரண்டு பேர் அளவு.

மற்றவை நாங்கள் பட்டுப் பழகியவை. முதலில் பெயரைக் கேளுங்கள், ‘பத்தாம் கட்டில் ஐயா’ என்று கூப்பிடாதீர்கள். நிற்காதீர்கள், உட்காருங்கள், நிற்பவர் போகப் போகிறவர் என்று படுத்திருப்பவருக்குத் தெரியும். சாப்பாடு கொடுக்க முன் தாதியிடம் கேளுங்கள், சலரோகக்காரருக்கு நீங்கள் கொண்டுபோன கேக் உதவியாக இருக்காது. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வந்த முஸ்லிம் அம்மாவுக்குச் சமைத்ததைக் கொண்டுபோகாமல் பழம் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்களை நினைவில் வையுங்கள். புத்திமதி சொல்லாதீர்கள். கடவுள் சோதிக்கிறார், எல்லாம் நன்மைக்குத்தான் என்றெல்லாம் சொல்லவே வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது மட்டுந்தான் அவர்கள் செய்த நல்ல காரியம்.

அப்புறம், எழும்பி வரும்போது ‘அடுத்த ஞாயிறு வாறன்’ என்று வாய் தானாகச் சொல்லும். வர முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். போன வருடம் அப்படிச் சொல்லிவிட்டு ஒரு கிழமை தவறி, மறு கிழமை போனேன். கட்டிலில் வேறு ஆள் இருந்தார். முந்தியவர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டார், நல்ல சுகத்தோடு. போகும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒரு டீச்சர் வருவா, நான் பார்த்துக்கொண்டிருந்தன் என்று சொல்லுங்க என்று தாதியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.